விற்றமின் குளிசையும் பாரிசவாதமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற அரசாங்க மருந்தாளர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



செயலாளர் தம்பி என்னிடம் வந்து, 'நோயற்ற வாழ்வு' என்ற பொருளிலே பேசவேண்டும் என்று கேட்டார். அது ஓர் இரவிலே பேசி முடிக்கக் கூடிய பொருளன்று. ஆகையால் அவர் அனுமதியுடன் அதனைச் சுருக்கி, நம்மவர் வீட்டு அலுமாரிகளுக்குள்ளே இருக்கும் ஒரு சிறு போத்தலைப் பற்றி மட்டும் பேச எண்ணியுள்ளேன்.

இந்த நகரிலே அந்தப் போத்தல் இல்லாத வீடு குறைவு. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ மகனோ மகளோ வரும்போது, சொக்கிலேற்றுப் பெட்டியோடு கூட விற்றமின் போத்தலும் வந்துவிடுகின்றது. ஒன்றில் முந்நூறு குளிசை, மற்றொன்றில் ஐந்நூறு. அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, அடுத்த வீட்டு மாமிக்கு ஒன்று. அன்பினாலே கொண்டுவரப்படும் பொருளைக் குறை கூறுதல் பண்பாகாது என்பதை நான் அறிவேன். ஆயினும், 'இதைக் குடித்தால் பாரிசவாதம் வராதாமே ஐயா?' என்று என்னை வழியிலே மறித்துக் கேட்போர் தொகை ஆண்டுதோறும் பெருகிவருகின்றபடியால், அந்தக் கேள்விக்கு ஒருமுறை சபையிலே வைத்து விடை சொல்லிவிடுவது நல்லதென்று தோன்றிற்று.

விற்றமினைப் பழிக்க நான் வரவில்லை. அதன் பெருமையை அறிய விரும்புவோர் நமது துறைமுகத்தின் சரித்திரத்தைப் பார்த்தாலே போதும். பாய்க்கப்பற் காலத்திலே மாலுமிகளை எதிரியின் பீரங்கியைவிட அதிகமாகக் கொன்றது ஸ்கேர்வி என்னும் நோய். மாதக்கணக்காகக் கரை காணாது, உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த பிஸ்கோத்துமே தின்றவர்களுக்கு முரசு வீங்கி இரத்தம் கசியும்; பல் ஆடும்; ஆறிப்போன பழைய புண்ணும் மீண்டும் வாய் திறக்கும். 1747ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு சோடிக்கும் ஆறு விதமான பரிகாரங்களைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு சோடிக்கு வினாகிரி, ஒரு சோடிக்குக் கடல்நீர், இப்படி. தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட சோடியே ஆறு நாளிற்குள் தேறி எழுந்தது. மருந்தின் பயனை ஒப்பிட்டுப் பார்த்தறியும் முறைக்கு அது ஒரு தொடக்கம். ஆனால் கடற்படை மேலதிகாரிகள் அதை ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. (கந்தோர்க் கடுதாசி நகரும் வேகம் அந்த நாளிலும் இந்த நாளிலும் ஒன்றுதான்!)

அவர்களை ஏற்கவைத்த சான்றுகளுள் ஒன்று 'சஃபோக்' என்ற போர்க்கப்பல். 1794இல் பீற்றர் றெயினியர் என்பவரின் தலைமையில் அது இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. 23 கிழமைகள் கரை தொடாத பயணம். ஒவ்வொரு மாலுமிக்கும் நாள்தோறும் மூன்றில் இரண்டு அவுன்ஸ் எலுமிச்சஞ்சாறு கொடுக்கப்பட்டது. ஸ்கேர்வியினால் ஒருவரும் இறக்கவில்லை. அறிகுறி கண்ட சிலருக்கும் சாற்றைக் கூட்டிக் கொடுக்க மாறிற்று. அடுத்த ஆண்டு, 1795இல், கடற்படை முழுவதற்கும் எலுமிச்சஞ்சாறு வழங்கத் தொடங்கினர். அதே 1795 ஆகஸ்ட் மாதத்திலே, அதே றெயினியர், அதே 'சஃபோக்' கப்பலுடன் நமது துறைமுகத்துக்கு வந்து நின்றார். இன்று பிறெட்றிக் கோட்டை என நாம் அழைக்கும் கோட்டை ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது அப்போதுதான். கோட்டையைப் பிடித்தது எலுமிச்சம்பழம் என்று நான் சொல்லவில்லை. முரசிலிருந்து இரத்தம் வடியும் படை எந்தக் கோட்டையையும் பிடிக்காது என்று மட்டும் சொல்வேன்.

பெரிபெரியின் கதையும் இத்தகையதே. அந்தப் பெயரே சிங்கள மொழியிலிருந்து பிறந்ததென்பர் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்த ஆங்கிலப் படைவீரரை அது வாட்டிற்று. ஜாவாவிலே ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய வெள்ளையரிசி தின்ற கோழிகள் கால் மடங்கி விழுவதையும், தவிட்டைக் கொடுக்க அவை எழுந்து நடப்பதையும் கண்டார். அதன் வழி வந்த ஆராய்ச்சியிலேதான் 1912இல் காசிமிர் ஃபங்க் என்பவர் 'விற்றமின்' என்னும் சொல்லையே உண்டாக்கினார். நமது பாட்டிமார் நெல்லை அவித்துக் குத்தினார்கள். அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிக்கொள்ளும் என்பதை அவர்கள் அறிந்து செய்யவில்லை. ஆனாலும் அந்தப் புழுங்கலரிசி பலரைக் காத்தது.

இவ்விரு கதைகளிலும் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எலுமிச்சஞ்சாறு பெற்றவன் அது இல்லாதிருந்தவன். தவிடு பெற்ற கோழி அது இல்லாது விழுந்த கோழி. வரண்டு வெடித்த வயலுக்கு ஒரு மடை நீர் உயிர் கொடுக்கும். நீர் நிறைந்து நிற்கும் வயலுக்கு இன்னொரு மடை திறப்பதால் விளைச்சல் இரட்டிப்பதில்லை. இதை மறந்த இடத்திலேதான் நமது போத்தற் கதை தொடங்குகின்றது.

பாரிசவாதம் என்பது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளைக்கு இரத்தம் செல்லும் குழாய் ஒன்று கட்டியினால் அடைபடலாம். அல்லது குழாய் வெடித்து இரத்தம் கசியலாம். அடைப்பு ஒரு வகை, கசிவு மற்றொரு வகை. அடைப்பே கூடுதலாக வருவது. கசிவு குறைவாக வந்தாலும் கொடியது. ஆசிய நாடுகளிலே கசிவின் பங்கு ஐரோப்பாவில் உள்ளதைவிடக் கூடுதல். வெளியே பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றே: கை விழும், வாய் கோணும், பேச்சுக் குழறும். ஆனால் ஒன்றுக்கு நன்மை செய்யும் பொருள் மற்றதற்குத் தீமை செய்யக்கூடும்.

இதற்கு விற்றமின் 'ஈ'யைவிட நல்ல உதாரணம் இல்லை. நிறைய மரக்கறியும் பழமும் உண்பவர்களுக்கு இருதய நோயும் புற்றுநோயும் குறைவு என்பதைக் கண்டவர்கள், அந்த உணவிலுள்ள சத்தைப் பிரித்தெடுத்துக் குளிசையாகக் கொடுத்தால் இன்னும் நலம் விளையும் என்று எண்ணினார்கள். நல்ல எண்ணந்தான். பின்லாந்திலே 29,133 ஆண்களை, எல்லோரும் புகைபிடிப்பவர்கள், சேர்த்துச் சிலருக்கு விற்றமின் 'ஈ', சிலருக்குக் கரட்டிலுள்ள பீற்றாக் கரோட்டின், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறுங் குளிசை என்று பல ஆண்டுகள் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வெளியாயிற்று. பீற்றாக் கரோட்டின் உண்டவர்களிடையே சுவாசப்பைப் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடியிருந்தது. விற்றமின் 'ஈ' உண்டவர்களிடையே மூளையில் இரத்தம் கசிந்து இறந்தோர் தொகை கூடியிருந்தது. கரட் தின்பதும் கரட்டின் ஓர் அணுவை மட்டும் பிரித்து அளவுமீறி விழுங்குவதும் ஒன்றல்ல என்பதை உலகம் அறிந்துகொண்டது.

ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையன்று. 2010ஆம் ஆண்டு, இத்தகைய 9 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 118,765 பேரின் கணக்கைப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையிலே வெளியிட்டார்கள். மொத்தமாகப் பாரிசவாதத்தைப் பார்த்தால் விற்றமின் 'ஈ' கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆனால் வகை பிரித்துப் பார்த்தபோது அடைப்பு 10 வீதம் குறைந்தும், கசிவு 22 வீதம் கூடியும் காணப்பட்டது. அதாவது 476 பேர் உண்டால் ஒருவருக்கு அடைப்புத் தவிரும். 1,250 பேர் உண்டால் ஒருவருக்குக் கசிவு புதிதாக வரும். 'அப்படியானால் இலாபம்தானே?' என்று கணக்குப் படித்த தம்பிமார் கேட்கலாம். அடைப்பைத் தவிர்க்க நம்மிடம் வேறு நல்ல வழிகள் உண்டு. கசிவோ வந்தால் பெரும்பாலும் கொண்டுபோய்விடும், அல்லது கட்டிலோடு கிடத்திவிடும். ஆகவே கண்டபடி எல்லோரும் இதை உண்ணவேண்டாம் என்றே அந்த ஆராய்ச்சியாளர் எச்சரித்தனர். இரத்தம் உறைவதை விற்றமின் 'ஈ' சற்றுத் தடுக்கும் என்பதை நினைத்தால் இரண்டு விளைவும் ஒரே கிளையின் இரு காய் என்பது விளங்கும். இருதயத்துக்காக அஸ்பிரினோ வார்பரினோ உண்பவர் அதனோடு விற்றமின் 'ஈ'யையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் நோய்த்தடுப்பு ஆலோசனை கூறும் நிபுணர் குழு, 2022இல், இருதய நோயையும் புற்றுநோயையும் தடுப்பதற்காக விற்றமின் 'ஈ'யையும் பீற்றாக் கரோட்டினையும் உண்ணவேண்டாம் என்றே அறிவித்தது. அங்கேயிருந்துதான் நமக்குப் போத்தல் வருகின்றது!

இனி, 'பீ' வகை. இங்கே கதை சற்று வேறு. அவசரப்பட்டு எல்லாவற்றையும் தள்ளிவிடக் கூடாது. ஹோமோசிஸ்டீன் என்னும் ஒரு பொருள் இரத்தத்தில் மிகுந்தால் பாரிசவாதம் கூடுவதாகக் கண்டனர். ஃபோலிக் அமிலமும் பீ-6, பீ-12 விற்றமின்களும் அதைக் குறைக்கும். எனவே இவற்றைக் கொடுத்தால் நோயும் குறையுமா? ஏற்கெனவே பாரிசவாதம் வந்த 8,164 பேரை 20 நாடுகளிலே, இந்தியாவும் சிங்கப்பூரும் உட்பட, சோதித்து 2010இல் முடிவைச் சொன்னார்கள். விற்றமின் உண்டவர்களில் 15 வீதத்தினருக்கும், வெறுங் குளிசை உண்டவர்களில் 17 வீதத்தினருக்கும் மீண்டும் பாரிசவாதமோ மாரடைப்போ அவற்றால் மரணமோ நேர்ந்தது. இந்த வித்தியாசம் தற்செயலா, உண்மையா என்று துணிந்து கூற முடியாத அளவினது.

ஆனால் 2015இல் சீனாவிலிருந்து வந்த செய்தி கவனிக்கத்தக்கது. அங்கே கோதுமை மாவில் ஃபோலிக் அமிலம் கலக்கும் வழக்கமில்லை. இரத்த அழுத்தமுள்ள 20,702 பேரைப் பிரித்து, ஒரு பாதியினருக்கு எனலாப்பிரில் என்ற அழுத்தக் குளிசையும், மறுபாதியினருக்கு அதே குளிசையோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் நாலரை ஆண்டளவு கொடுத்தார்கள். முதற் பாதியில் ஆயிரத்துக்கு 34 பேருக்குப் பாரிசவாதம். மறுபாதியில் 27 பேருக்கு. இரத்தத்தில் ஃபோலேற்று குறைந்திருந்தவர்களுக்கே பயன் கூடுதலாய் இருந்தது. வரண்ட வயல், நீர் நிறைந்த வயல் என்று நான் சொன்னதை நினைவுகூருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: இரு பாதியினருமே அழுத்தக் குளிசை உண்டவர்கள். ஃபோலிக் அமிலம் அதற்குத் துணையாக வந்தது. அதன் கதிரையிலே ஏறி அமரவில்லை.

'பீ' வகை எவ்வளவு உண்டாலும் சிறுநீரோடு போய்விடும், தீங்கில்லை என்று சொல்வாரும் உளர். நீரிழிவினாற் சிறுநீரகம் பழுதுற்ற 238 பேருக்குக் கனடாவிலே அதிக அளவிற் கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் இன்னும் விரைவாகக் கெட்டது. மாரடைப்பும் பாரிசவாதமும் போன்ற விபத்துக்கள் இருமடங்காயின. இதுவும் 2010இல் வெளியான முடிவு. நமது மாவட்டத்திலே பதவி சிறிபுரப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அது வேறு நோய். ஆயினும் சிறுநீரகம் நலிந்தவர் எந்தப் போத்தலையும் திறக்குமுன் கிளினிக் டொக்டரிடம் காட்டவேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

விற்றமின் 'டீ'யை 25,871 பேருக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2019இல் வெளியாயிற்று, பாரிசவாதம் குறையவில்லை. பலவும் கலந்த குளிசையை 14,641 ஆண் வைத்தியர்களுக்குப் பத்தாண்டுக்கு மேலாகக் கொடுத்தார்கள். 2012இல் வந்த முடிவு அதுவே. இவற்றிற்கு மேலும் நேரம் செலவிடத் தேவையில்லை.

இங்கே இருப்போரில் பலர் சைவ போசனக்காரர். ஆகையால் பீ-12ஐப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அந்தச் சத்து மரக்கறியிலே இல்லை. பாலிலும் தயிரிலும் உண்டு. முட்டை, மீன், இறைச்சியில் உண்டு. பாலும் அதிகம் சேர்க்காத சைவர், அதிலும் வயது அறுபதைத் தாண்டியவர், அதிலும் நீரிழிவுக்கு மெற்போமின் பல ஆண்டு உண்பவர் ஆகிய இவர்களுக்குப் பீ-12 குறைந்துபோக இடமுண்டு. கால் விறைப்பு, மறதி, சோகை என்று அது வெளிப்படும். இவர்களே வரண்ட வயல். இவர்கள் இரத்தத்தைச் சோதித்து, குறைவாயின் பீ-12ஐக் குளிசையாகவோ ஊசியாகவோ எடுத்துக்கொள்ளவேண்டும். அதற்காக விரதத்தைக் குலைக்கவேண்டியதில்லை. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியே விழுங்கினால் சோகை மாறியது போலத் தோன்றும். நரம்புப் பழுதோ உள்ளே தொடரும். எனவே சோதனை முந்தட்டும், குளிசை பிந்தட்டும். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கிலே கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தை நான் சொல்வதைக் கேட்டு எவரும் நிறுத்திவிடவேண்டாம். அது குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளையையும் காப்பது. அதன் பயன் ஐயமறத் தெளிந்தது.

இப்போது நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன். போத்தலில் உள்ளது செய்யும் தீமை சிறிது. போத்தல் தள்ளிவிடும் பொருளாலே வரும் தீமை பெரிது. ஓராண்டுக்கு முன் ஓர் அம்மையார் தமது கணவரின் மருந்துகளைப் பிஸ்கற் தகரம் ஒன்றிலே போட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். விற்றமின் போத்தல் நான்கு, எல்லாம் பாதி தீர்ந்தவை. அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இலவசமாகக் கொடுத்த அழுத்தக் குளிசை உறை பிரிக்காமலே இருந்தது. 'அந்தக் குளிசை தொடங்கினால் விடமுடியாதாம் ஐயா. இது விற்றமின்தானே, இது என்ன செய்யப்போகுது?' என்றார். கணவருக்கு அதற்கு முந்திய மாதமே வலக்கை விழுந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது குளிசையை விட்டவர்களையும் நான் அறிவேன். அவர்களிற் சிலர் தட்டுப்பாடு தீர்ந்த பின்னும் மீண்டும் தொடங்கவில்லை. காலியான இடத்திலே போத்தல் வந்து குந்திக்கொண்டது.

32 நாடுகளில் 26,919 பேரை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு, பாரிசவாத ஆபத்தில் ஏறத்தாழப் பாதிக்கு உயர் இரத்த அழுத்தமே பொறுப்பென்று கண்டது. புகையிலை, உடலுழைப்பின்மை, நீரிழிவு, மது, உணவு முதலிய வேறு ஒன்பது காரணங்களையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது பங்கு விளங்கிவிடுகின்றது. நிலாவெளிப் பக்கத்து உப்பும், கடற்கரைக் கருவாடும், தேசிக்காய் ஊறுகாயும், பொரித்த அப்பளமும் நமது நாவிற்கு இனியவை. ஆனால் நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, பயறு, நெல்லிக்காய் இவற்றிற்கு விமானச் சீட்டு வேண்டியதில்லை. கீரையை அவித்த நீரை ஊற்றிவிடாதீர்கள். ஃபோலேற்றுச் சத்து அதனோடு போய்விடும்.

கீரை என்றதும் ஒரு விலக்கைச் சொல்லவேண்டும். இருதயத் துடிப்புக் கோளாறுக்காக வார்பரின் உண்பவர்களுக்குக் கீரையிலுள்ள விற்றமின் 'கே' அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அவர்கள் கீரையை அடியோடு விடவேண்டாம். ஒரு கிழமை மலைபோலத் தின்று மறு கிழமை தொடாமல் விடுவதே கேடு. ஒரே அளவாக உண்டு, இரத்தச் சோதனைக்குத் தவறாது செல்லட்டும்.

இளைஞர்களுக்கு ஒன்று. வீட்டிலே பெரியவர் ஒருவருக்குத் திடீரென வாய் கோணினாலோ, இரு கையையும் உயர்த்தச் சொல்லும்போது ஒன்று விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, மணிக்கூட்டைப் பாருங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டியது. அதுவும் மூளையைப் படம்பிடித்து, கசிவில்லை என்று கண்ட பின்னரே. தேநீரோ கசாயமோ விற்றமினோ வாயில் ஊற்றாதீர்கள்; விழுங்க இயலாது சுவாசப்பைக்குள் போய்விடும். முன்னொரு காலத்தில் அக்கரையிலிருந்து நோயாளியைக் கொண்டுவரப் பாதைப் படகுக்குக் காத்து நின்றோம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்ட பின் அந்தச் சாட்டுச் செல்லாது.

தலைவர் மணியைக் காட்டுகிறார். பின்னறையிலே அழுத்தம் பார்க்கும் கருவியுடன் இரண்டு தாதியர் காத்திருக்கிறார்கள். நாற்பது வயது கடந்த எல்லோரும் கையை நீட்டிவிட்டுப் போங்கள். அறிவித்தலிற் கேட்டுக்கொண்டபடி வீட்டுப் போத்தல்களைக் கொண்டுவந்தவர்கள் அவற்றையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வாருங்கள்; ஒவ்வொன்றாய் வாசித்துச் சொல்கிறேன். அவசரமில்லை, இரவு ஒன்பது மணிவரை இருப்பேன்.